கோடைப் பயணமும் காலி இருக்கையும்



சித்திரை பிறந்துவிட்டால் ஒரே கேள்வி பல ஊர்களிலிருந்து எனக்கு வருகிறது. "சார், பிப்ரவரியில் பார்த்த டிக்கெட் விலை ஜூலைக்கு எங்கோ போய் நிற்கிறது. ஓட்டல் அறையும் அப்படித்தான். அதே விமானம், அதே கட்டில், ஏன் சார் இப்படி?" என்று லண்டனிலிருந்து ஒருவர் கேட்பார். "பெரியப்பா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஐரோப்பா பார்த்துவிட்டு வரலாமென்றால் கணக்கு உதைக்கிறதே" என்று கோயம்புத்தூரிலிருந்து இன்னொருவர் கேட்பார். எனக்குத் தெரிந்தது வரலாறு. எனவே பதிலையும் வரலாற்றிலிருந்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண மனிதர்கள் கோடையில் வெளிநாடு போய்வர முடிகிறது என்றால், அது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகையால் வந்ததில்லை. எங்கோ ஒன்று காலியாகக் கிடப்பதை ஒருவர் கவனித்திருக்கிறார். காலி ரயில் பெட்டி, காலி வகுப்பறை, காலி விமான இருக்கை, பூட்டிக் கிடக்கும் வீடு. அதை நிரப்பினால் விலையைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதற்குத் தடையாக இருந்த விதிகளோடு மல்லுக்கட்டியும் இருக்கிறார். நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் உண்டு. இந்தக் கதையில் ஆசிரியர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். நீண்ட விடுமுறையும் சிறிய சம்பளமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் யோசனை பிறக்காமல் என்ன செய்யும்?

ஒரு ஷில்லிங் பயணம்

1841-ஆம் ஆண்டு ஜூலை 5. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ என்ற ஊருக்கு ஒரு சிறப்பு ரயில் புறப்பட்டது. தூரம் சுமார் 12 மைல். ஏறக்குறைய 500 பேர். ஆளுக்கு 1 ஷில்லிங். மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக அவர்களைக் கூட்டிக்கொண்டு போனவர் தாமஸ் குக். மரவேலை செய்து பிழைத்தவர். மதப் பிரசாரமும் செய்தவர்.

அவர் ரயில் கம்பெனியிடம் போட்ட கணக்கு எளிது. ரயில் எப்படியும் ஓடும். நிலக்கரியும் ஓட்டுநர் கூலியும் ஆள் குறைந்தாலும் செலவுதான். நான் மொத்தமாக ஆள் சேர்த்துத் தருகிறேன், தலைக்கு விலையைக் குறையுங்கள். நம் ஊரில் கல்யாணத்துக்கு மொத்தமாக பஸ் பேசுகிறோமே, அதே சங்கதிதான்.

1860-களின் இறுதியில் அவர் தங்குமிடத்துக்கும் இதே வழியைக் கொண்டுபோனார். ஐரோப்பிய நகரங்களில் உள்ள ஓட்டல்களோடு பேசி, முன்கூட்டியே பணம் கட்டி வாங்கும் ஓட்டல் கூப்பன்களை வெளியிட்டார். பயணிக்கு விலை முன்பே தெரியும். புது ஊரில் ஏமாற மாட்டார். ஓட்டல்காரருக்கு ஆள் வருவது உறுதி. அதனால் விலையைக் குறைப்பார். இன்று கைபேசியில் நாம் அறை பதிவு செய்வதும் இதே கணக்கின் பேரப்பிள்ளைதான்.

மழையில் நனைந்த வாத்தியார்

அடுத்தவர் எனக்கு மிகவும் பிடித்தவர். ரிச்சர்ட் ஷிர்மான். ஜெர்மனியில் ஆல்டெனா என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே நடத்திக் கூட்டிப்போய்ப் பாடம் சொல்வது அவர் வழக்கம்.

1909 ஆகஸ்ட் 26 அன்று மாணவர்களோடு நெடுந்தூர நடைப்பயணத்தில் இருந்தபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ப்ரோல் பள்ளத்தாக்கில், கோடை விடுமுறைக்காக மூடியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். வகுப்பறையில் வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகள் படுத்தார்கள். அந்த இரவில்தான் அவருக்கு யோசனை தோன்றியது. நாடு முழுவதும் பள்ளிக்கூடங்கள் விடுமுறையில் சும்மாதானே கிடக்கின்றன? ஒரு நாள் நடக்கும் தூரத்துக்கு ஒன்றாக அவற்றை இரவுத் தங்குமிடமாக்கினால் ஏழைப் பிள்ளைகளும் நாடு சுற்றிப் பார்க்கலாமே?

முதலில் தன் பள்ளியிலேயே தொடங்கினார். விடுமுறையில் மேசை பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வைக்கோல் மெத்தைகள் போட்டார். 1912-இல் அது ஆல்டெனா கோட்டைக்கு மாறியது. உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதி அதுதான். அந்த மரக்கட்டில்களை இன்றும் அங்கே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1930-இல் பிரிட்டனிலும் இளைஞர் விடுதிச் சங்கம் தொடங்கியது. ஒரு இரவுக்கு 1 ஷில்லிங். 1932-இல் பல நாட்டுச் சங்கங்கள் ஆம்ஸ்டர்டாமில் கூடிப் பன்னாட்டுக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. ஷிர்மான் அதன் தலைவரானார். சில ஆண்டுகளில் நாஜி அரசு அவரைப் பொறுப்பிலிருந்து விலக வைத்தது. ஆனாலும் விடுதிகள் நிலைத்துவிட்டன.

அந்த மலிவுக்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். ஒரே அறையில் பலர் படுக்க வேண்டும். குறித்த நேரத்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள். காலையில் பெருக்கிக் கூட்டி, பாத்திரம் கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பணத்தில் மிச்சம் பிடித்ததை வசதியில் கொடுத்தார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலை நினைவில் வையுங்கள். இனி வரும் ஒவ்வொரு கதையிலும் இது உண்டு.

கோடை ஏன் விலை ஏறியது?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு காலத்தில் கோடையில் ஊர் மாறித் தங்குவது நிலபுலன் உள்ளவர்களின் பழக்கம். தொழிலாளிக்கு விடுப்பு என்றால் சம்பளம் இல்லாத நாள் என்று அர்த்தம். 1936-இல் பிரான்சில் லியோன் ப்ளூம் தலைமையில் வந்த மக்கள் முன்னணி அரசு, எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஆண்டுக்கு 2 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்று சட்டம் போட்டது. லியோ லக்ராஞ்ச் என்பவர் அந்த அரசில் ஓய்வு, விளையாட்டுத் துறையைப் பார்த்தவர். விடுப்பில் போகும் குடும்பங்களுக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடி வாங்கித் தந்தார். கடலையே பார்த்திராத குடும்பங்கள் முதன்முறையாகக் கடற்கரைக்குப் போயின. பிரிட்டனிலும் 1938-இல் சம்பள விடுப்புச் சட்டம் வந்தது.

மனித வரலாற்றில் இது பெரிய நன்மை. ஆனால் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. ஆலை மூடுவதும் பள்ளி மூடுவதும் ஜூலை, ஆகஸ்டில்தான். ஆக, எல்லோரும் அதே எட்டு வாரத்தில் கிளம்புகிறார்கள். எட்டு வாரக் கூட்டத்துக்காகக் கட்டிய ஓட்டலும் வாங்கிய விமானமும் மீதி நாட்களில் பாதி காலி. அந்தக் காலி நாட்களின் நஷ்டத்தையும் கோடையில் வருபவரிடம்தான் வசூலிக்கிறார்கள். ஜூலை டிக்கெட்டில் நீங்கள் நவம்பர் மாதக் காலி இருக்கைக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். "அதே கட்டில்தானே" என்ற கேள்விக்கு இதுதான் விடை.

முதல் அனுமதி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு விளாடிமிர் ரைட்ஸ் என்ற இளைஞர் கோர்சிகா தீவின் கால்வி கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனார். மாஸ்கோவில் பிறந்து, லண்டனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஒரு விமானத்தை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, எல்லா இருக்கையையும் நிரப்பி, கடற்கரையில் கூடாரம் போட்டுச் சாப்பாடும் கொடுத்தால் தலைக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார். 32 பவுண்டு 10 ஷில்லிங் என்று வந்தது. அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து பிரான்சின் நீஸ் நகருக்கு விமானத்தில் போய்வர மட்டுமே சுமார் 70 பவுண்டு. பாட்டி விட்டுச்சென்ற பணத்தை முதலாகப் போட்டு ஹொரைசன் ஹாலிடேஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஆனால் அரசாங்கம் லேசில் அனுமதி தரவில்லை. அரசு விமான நிறுவனத்தின் வருமானம் கெடும் என்று பயம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுமதி வந்தது: ஆசிரியர்களையும் மாணவர்களையும் மட்டும்தான் ஏற்றிச் செல்லலாம்! 1950 மே மாதம் ஒரு டகோட்டா விமானம் கிளம்பியது. விமானக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் ஒரே விலையில் அடங்கும் இன்றைய தொகுப்புச் சுற்றுலாவின் முக்கியமான தொடக்கம் அது. தங்கியது பழைய ராணுவக் கூடாரங்களில் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த 1950-களில் ஐரோப்பாவில் சில ஆசிரியர்கள் இன்னொரு வழியும் கண்டார்கள். சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து நாட்டு ஆசிரியர்கள் விடுமுறையில் தங்கள் வீடுகளைப் பரஸ்பரம் மாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். நீ என் வீட்டில் இரு, நான் உன் வீட்டில் இருக்கிறேன், வாடகை கிடையாது. 1953-இல் தொடங்கிய இன்டர்வாக் என்ற அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. காலி வீட்டுக்குக் காலி வீடு. நம்பிக்கைதான் அங்கே நாணயம்.

சாண்ட்விச்சுக்கும் சண்டை

விமானக் கட்டணம் மட்டும் ஏன் அவ்வளவு காலம் இறங்கவில்லை? 1945-இல் ஹவானாவில் உருவான ஐயாட்டா என்ற விமான நிறுவனங்களின் சங்கம்தான் பன்னாட்டுக் கட்டணங்களை உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. அரசுகள் ஒப்புதல் தந்தன. எந்த நிறுவனத்தில் ஏறினாலும் ஒரே விலை. 1952-இல் அட்லாண்டிக் கடலைக் கடக்கச் சுற்றுலா வகுப்பும், 1958-இல் எகானமி வகுப்பும் வந்தன. எகானமியில் சாப்பாடாக சாண்ட்விச் மட்டுமே தரலாம் என்று விதி. ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் அந்த சாண்ட்விச்சின் மேல் இறைச்சியும் காய்கறியும் அடுக்கி விருந்தாகவே ஆக்கிவிட்டது. மற்ற நிறுவனங்கள் புகார் செய்தன; அபராதமும் விதிக்கப்பட்டது. சாண்ட்விச்சுக்கே இந்தப் பாடு என்றால் விலையைக் குறைக்க விடுவார்களா?

விட்டுவிட்ட ஓட்டை ஒன்று இருந்தது. ஐஸ்லாந்தின் லோஃப்ட்லெய்திர் நிறுவனம் அட்லாண்டிக்கில் இந்தக் கட்டண ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படவில்லை. நியூயார்க்கிலிருந்து ரெய்க்யவிக், அங்கிருந்து லக்சம்பர்க் என்று மற்றவர்களைவிடக் குறைந்த விலைக்கு ஏற்றிச் சென்றது. மற்றவர்கள் ஜெட் வாங்கிவிட்ட காலத்திலும் இவர்கள் விசிறி வைத்த மெதுவான விமானங்களையே ஓட்டினார்கள். நாங்கள் மெதுவாகத்தான் போவோம், ஆனால் மலிவாகப் போவோம் என்பதையே விளம்பரமாகச் செய்தார்கள். 1960-களில் முதுகுப்பை மாட்டிய அமெரிக்க மாணவர்கள் இதில்தான் ஐரோப்பாவுக்குப் படையெடுத்தார்கள். ஹிப்பி விமானம் என்றே பெயர் வந்துவிட்டது. வழியில் ஐஸ்லாந்தில் இறங்கி ஓரிரு நாள் தங்கிப்போகும் திட்டத்தையும் வைத்தார்கள். 1973-இல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து இன்றைய ஐஸ்லாந்தேர் ஆனது. வழியில் தங்கிப்போகும் அந்தச் சலுகையை அது இன்றும் தருகிறது.

லேக்கரின் வான்ரயில்

அடுத்த வழி, மொத்தமாகப் பேசும் சார்ட்டர் விமானம். அட்லாண்டிக்கைக் கடக்கும் சார்ட்டரில் ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் மட்டுமே போகலாம், அதுவும் 6 மாதமாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்று விதி. என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பூச்செடி வளர்ப்போர், பறவை வளர்ப்போர் என்று பெயருக்குச் சங்கங்கள் முளைத்தன. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் எல்லாம் உறுப்பினர்கள். அதிகாரிகள் விமான நிலையத்தில் பயணிகளைக் குறுக்கு விசாரணை செய்து, சிலரை ஏறவிடாமல் திருப்பி அனுப்பினார்கள்.

ஒரு மனிதன் மலிவாக ஊர் போவதற்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கொதித்தவர் ஃப்ரெடி லேக்கர். சார்ட்டர் விமானம் ஓட்டிய ஆங்கிலேயர். 1971-இல் ஸ்கைட்ரெய்ன் என்ற திட்டத்துக்கு உரிமம் கேட்டார். ரயிலைப்போல, முன்பதிவு கிடையாது. வந்து வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி ஏற வேண்டும். சாப்பாடு வேண்டுமென்றால் தனிக் காசு. உரிமம் கிடைத்தது, பிறகு அரசு அதைப் பறித்தது. நீதிமன்றம் போனார். 1976 இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1977 செப்டம்பர் 26 அன்று லண்டன் காட்விக்கிலிருந்து நியூயார்க்குக்கு முதல் விமானம் பறந்தது. ஒரு வழிக்கு 59 பவுண்டு. வழக்கமான எகானமிக் கட்டணத்தில் பாதிக்கும் குறைவு.

மறுவருடக் கோடையில் டிக்கெட்டுக்காக லண்டனில் நாள்கணக்கில் நடைபாதையில் படுத்துக் காத்திருந்தார்கள். மற்ற நிறுவனங்களும் வேறு வழியின்றிக் கட்டணத்தைக் குறைத்தன. அதுவே லேக்கருக்கு வினையானது. பெரிய நிறுவனங்கள் விலையில் போட்டியிட்டன. பவுண்டின் மதிப்பு விழுந்தபோது அவர் டாலரில் வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. 1982 பிப்ரவரி 5 அன்று நிறுவனம் மூடப்பட்டது. பயணிகள் கையில் டிக்கெட்டோடு நின்றார்கள். தங்களை ஒழிக்கப் பெரிய நிறுவனங்கள் கூடிச் சதி செய்தன என்று வழக்கு நடந்து, 1985-இல் சமரசத்தில் முடிந்தது. லேக்கர் வீழ்ந்தார்; அவர் இறக்கிவிட்ட விலை பழைய உயரத்துக்குத் திரும்பப் போகவில்லை.

விலை ஏணி

இதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு மாற்றம். 1977-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், உள்நாட்டில் சூப்பர் சேவர் என்ற கட்டணத்தைக் கொண்டுவந்தது. பல வாரம் முன்பே வாங்க வேண்டும், போன இடத்தில் குறைந்தது ஒரு வாரம் தங்க வேண்டும். ஏன் இந்த நிபந்தனைகள்? அலுவலக வேலையாகப் போகிறவரால் இவற்றுக்கு உட்பட முடியாது; அவர் முழு விலை கொடுப்பார். விடுமுறைக்குப் போகிறவரால் முடியும். அவரைக் கொண்டு காலி இருக்கையை நிரப்பலாம். 1978 அக்டோபரில் உள்நாட்டுக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் வந்த பிறகு, எந்த இருக்கையை எந்த விலைக்கு, எப்போது விற்பது என்று கணினி முடிவு செய்யத் தொடங்கியது.

நெவார்க்கிலிருந்து லண்டனுக்கு 1983-இல் 149 டாலருக்குப் பறந்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு நிறுவனம் இந்தக் கணினிப் போட்டியில் தாக்குப்பிடிக்க முடியாமல் 1987-இல் இன்னொன்றோடு இணைந்து மறைந்தது. ஐரோப்பாவில் 1993 முதல் 1997 வரை கட்டுப்பாடுகள் நீங்கின. ரயன்ஏர், ஈஸிஜெட் போன்றவை வளர்ந்தன.

இதனால்தான் உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் உங்களைவிடப் பாதி விலையில் உட்கார்ந்திருக்கிறார். இருக்கைக்கு ஒரே விலை என்ற காலம் போய்விட்டது. விலை ஏணி ஒன்று இருக்கிறது. கீழ்ப்படிகளில் சில இருக்கைகளே உண்டு. கோடையில் அந்தக் கீழ்ப்படிகளை முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள், ஏனென்றால் காலியாகப் போகும் என்ற பயம் அவர்களுக்குக் கிடையாது.

கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி

1974 ஆகஸ்ட் 15. பிரிட்டனில் கோர்ட் லைன் என்ற சுற்றுலா விமான நிறுவனம் கோடையின் உச்சத்தில் திவாலானது. கிளார்க்சன்ஸ் என்ற அதன் மலிவுச் சுற்றுலாக் கம்பெனியும் கூடவே விழுந்தது. பல பத்தாயிரம் பேர் வெளிநாட்டுக் கடற்கரைகளில் மாட்டிக்கொண்டார்கள். ஆண்டு முழுக்கச் சேர்த்துப் பணம் கட்டிவிட்டுக் கிளம்பக் காத்திருந்தவர்கள் இன்னும் அதிகம். சில்லறை மிச்சம் பிடிக்கப் போய் மொத்தமும் போனது. அதன்பின் பயணிகள் பாதுகாப்புக்கு நிதி ஏற்படுத்தி, விதிகளை வலுப்படுத்தினார்கள்.

அதன் பலன் 2019-இல் தெரிந்தது. 1841-இல் ஒரு ஷில்லிங்கில் தொடங்கிய அதே தாமஸ் குக், 178 ஆண்டுகளுக்குப் பிறகு செப்டம்பர் 23 அன்று மூடப்பட்டது. வெளிநாட்டில் இருந்த சுமார் 1,50,000 பிரிட்டிஷ் பயணிகளை அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் தனி விமானங்கள் வைத்து இரண்டே வாரத்தில் ஊர் சேர்த்தது. (நம் நாட்டில் அதே பெயரில் உள்ள நிறுவனம் 2012 முதல் வேறு உரிமையாளரிடம் இருக்கிறது, அதற்கு இதில் பாதிப்பில்லை.) ஓய்வூதியத்தை நம்பிப் பயணம் போகும் என்னைப் போன்றவர்களுக்கு நூறு தள்ளுபடிகளைவிட இந்த ஒரு பாதுகாப்பு பெரிது.

மலிவுக்கான விலையை நாம் கொடுக்காதபோது வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2007-இல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டக் கஷ்டப்பட்ட இளைஞர்கள், ஒரு மாநாட்டுச் சமயத்தில் தங்கள் வீட்டுத் தரையில் காற்று மெத்தை போட்டு ஆள் தங்கவைத்தார்கள். அதுதான் ஏர்பிஎன்பி ஆனது. காலி அறையை நிரப்புவது என்ற பழைய, நல்ல யோசனைதான். ஆனால் பிறகு, காலியாக இருந்த அறையைத் தருவது போய், குடியிருந்தவர்களைக் காலி செய்து பயணிகளுக்கு விடும் நிலை பல நகரங்களில் வந்தது. பார்சிலோனாவில் 2024 ஜூலையில் உள்ளூர் மக்கள் சுற்றுலாப் பயணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சி எதிர்ப்புக் காட்டினார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அந்நகர மேயர், சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் 10,101 அடுக்குமாடி வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குமேல் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்திருந்தார். ஷிர்மான் நிரப்பியது நிஜமாகவே காலியாக இருந்த வகுப்பறையை. அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

இனி நாம் என்ன செய்யலாம்?

வரலாறு சொல்லும் வழி ஒன்றுதான்: காலியாக இருப்பதைத் தேடுங்கள், அதற்கு எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

நாளை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். நம் ஊர்ப் பள்ளிகளுக்கு மே மாதம் விடுமுறை. ஐரோப்பாவின் பெருங்கூட்டம் ஜூலை, ஆகஸ்டில். இங்கிருந்து போகிறவர்கள் மே மாதத்திலோ ஜூன் முதல் வாரத்திலோ போனால் அங்கே தங்குமிடத்திலாவது மிச்சமாகும். பள்ளிப் பிள்ளைகள் இல்லாத பெரியவர்கள் செப்டம்பரில் போங்கள்; வெயிலும் தணிந்திருக்கும். லண்டனிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்குப் பள்ளி விடுமுறையை விட்டால் வழியில்லை என்றால், ஏணியின் கீழ்ப்படி போவதற்குள் முன்கூட்டியே வாங்குங்கள்.

நேரத்தைக் கொடுத்துப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். நேர் விமானத்தைவிட ஒரு ஊரில் இறங்கி மாறிப்போகும் விமானம் பல சமயம் மலிவு. ஆனால் வயதானவர்களையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு நடுநிசியில் ஆறு மணி நேரம் விமான நிலையத்தில் உட்காருவதற்கு ஒரு விலை உண்டு. அதையும் கணக்கில் சேருங்கள்.

தங்குவதற்கு இளைஞர் விடுதியைப் பாருங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் வயது வரம்பு இல்லை, குடும்ப அறைகளும் பல விடுதிகளில் உண்டு. கோடையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவதால் லண்டன் உட்படப் பல நகரங்களில் பல்கலைக்கழக விடுதி அறைகளையும் வெளியாருக்கு விடுகிறார்கள். நம்பிக்கையான உறவோ நண்பரோ இருந்தால் வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளுங்கள்.

டிக்கெட் விலையைப் பார்க்காதீர்கள், வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரை ஆகும் விலையைப் பாருங்கள். பிராங்பர்ட் என்று பெயர் வைத்த ஹான் விமான நிலையம் அந்த நகரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெட்டிக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு, பஸ்ஸுக்குத் தனிக் காசு. எல்லாம் கூட்டினால் மலிவு எங்கே போனது என்று தெரியாது.

கடைசியாக, பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: விசா கிடைக்காமல் போனால், உடம்பு முடியாமல் போனால், கம்பெனியே மூடிவிட்டால், என் பணம் எந்த வழியில் திரும்ப வரும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லாகச் சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. ஜெர்மனிப் பக்கம் போனால் ஆல்டெனா கோட்டைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு வாத்தியார் ஏழைப் பிள்ளைகளுக்காகப் போட்ட மரக்கட்டில்களைக் காட்டுங்கள். நான் வகுப்பில் சொல்லாமல் விட்ட பாடம் அது. போய்வந்து படம் போடுங்கள், பார்த்துச் சந்தோஷப்படுகிறேன்.

எல்லோருக்கும் கோடை நல்லபடியாக அமையட்டும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.